ரீசெட் சாவியைத் திருப்பும் முன் வண்டிகளை எண்ணுங்கள்

ரோலர் கோஸ்டர் நடுவழியில் நின்றுவிட்டால் கீழே நிற்கும் கூட்டம் "மெஷின் கெட்டுப்போச்சு" என்று சொல்லும். பெரும்பாலும் விஷயம் நேர்மாறாக இருக்கும். முன்னால் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துத்தான் மெஷின் வண்டியை நிறுத்தியிருக்கும். அதற்குப் பிறகு மனிதர்கள் கை வைக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. ஸ்டேஷனில் நிற்கும் ஆபரேட்டருக்கும், அவர் கூப்பிட்டால் ஓடிவரும் மெயின்டனன்ஸ் ஆளுக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதியிருக்கிறோம். இதில் பாதிக்கு மேல், நடுவழியில் நின்ற வண்டியைப் பற்றித்தான்.

பிளாக் என்றால் என்ன

தடம் பல பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பிளாக்கில் ஒரு வண்டிதான் இருக்கலாம். ஒவ்வொரு பிளாக்கின் முடிவிலும் வண்டியை முழுதாக நிறுத்திப் பிடித்து வைக்க ஏதாவது ஒன்று வேண்டும்: வண்டியை ஏற்றத்தில் இழுத்துச் செல்லும் லிஃப்ட் செயின், நடுவழி பிரேக், கடைசி பிரேக், ஸ்டேஷன். காந்த பிரேக் வேகத்தைக் குறைக்கும், ஆனால் நிறுத்திப் பிடிக்காது. அதனால் அந்த இடத்தில் கூடவே ஒரு உராய்வு பிரேக்கோ, வண்டியைத் தள்ளவும் பிடிக்கவும் செய்யும் டயர் மோட்டாரோ இருக்கும். எத்தனை வண்டி ஓடுகிறதோ அதைவிட ஒரு பிளாக்காவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த வண்டிக்கும் நகர இடம் கிடைக்காது.

வண்டியின் அடியில் இருக்கும் உலோகத் தகடு சென்சாரைக் கடக்கும்போது "உள்ளே வந்தது" என்று பதிவாகும். அடுத்த சென்சாரைக் கடந்தால் "வெளியே போனது." இரண்டாவது பதிவு வராதவரை அந்த பிளாக்கில் வண்டி இருப்பதாகவே கணினி எடுத்துக்கொள்ளும், பின்னால் வரும் வண்டியை முந்தைய பிரேக்கிலோ லிஃப்டிலோ பிடித்து வைக்கும்.

இதில்தான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சென்சார் பழுதானாலும், தகடு வளைந்திருந்தாலும், ஒயர் அறுந்திருந்தாலும் பேனலில் அதே "பிளாக்கில் வண்டி" செய்திதான் வரும். பாதுகாப்பான பக்கம் சாயும்படி வடிவமைத்ததால் அப்படி. ஆனால் நிஜமாகவே வண்டி நிற்பதற்கும் சென்சார் சொதப்புவதற்கும் பேனலில் வித்தியாசமே தெரியாது. ஒரு சீசனில் பத்து தடவை சென்சார் சொதப்பினால், பதினோராவது தடவையும் அதேதான் என்று கை தானாக ரீசெட் சாவி பக்கம், அதாவது கணினியின் தடுப்பை நீக்கி வண்டியை மறுபடி விடும் சாவி பக்கம், போகும். பார்க்காமல் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஆல்டன் டவர்ஸில் நடந்தது

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'தி ஸ்மைலர்' 2013 மே மாதம் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் கெர்ஸ்ட்லவர் நிறுவனம் செய்தது. பயணியைத் தலைகீழாக்கும் திருப்பங்கள் 14. வண்டிக்கு 16 பேர்.

2015 ஜூன் 2 அன்று கூட்டம் அதிகமானதால் கூடுதலாக ஒரு வண்டி, ஐந்தாவது, தடத்தில் சேர்க்கப்பட்டது. ஆள் இல்லாத ஒரு சோதனை வண்டியை அனுப்பினார்கள். அது ஒரு திருப்பத்தை ஏற முடியாமல் பின்னோக்கி உருண்டு பள்ளத்தில் நின்றுவிட்டது. கணினி சரியாகவே வேலை செய்தது: பின்னால் வந்த, 16 பேர் உட்கார்ந்திருந்த வண்டியை லிஃப்ட் ஏற்றத்தில் பிடித்து வைத்தது. பொறியாளர்கள் பள்ளத்தில் நின்ற வண்டியைக் கவனிக்கவில்லை. கணினிதான் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து, தடுப்பை மீறி வண்டியை விட்டார்கள். அது நேராகப் போய் காலி வண்டியில் மோதியது. இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். இன்னும் பலருக்குப் பலத்த காயம். பயணிகளைக் கீழே இறக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவசர உதவிக்கு முதல் அழைப்பே மோதி 17 நிமிடம் கழித்துத்தான் போனது.

பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு ஆராய்ந்து பார்த்ததில் தடத்திலோ, வண்டியிலோ, கட்டுப்பாட்டுக் கணினியிலோ கோளாறு இல்லை. 2016 செப்டம்பரில் ஸ்டாஃபோர்ட் நீதிமன்றம் நடத்துநரான மெர்லின் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது. ஆரம்பத்தில் நிறுவனம் "மனிதத் தவறு" என்றது. பொறியாளர் மேல் பழி போடும் அந்தப் பேச்சு நிறுவனத்துக்கு வசதியானது. பழுது பார்ப்பவர் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்ற ஒழுங்கான நடைமுறையே இல்லாததுதான் அடிப்படைக் குறை என்று நீதிமன்றம் சொன்னது.

காலி வண்டி ஏன் நின்றது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய காற்று மணிக்கு சுமார் 45 மைல். தயாரிப்பாளர் சொன்ன உச்சவரம்பு 34. ஆள் நிறைந்த வண்டிக்கும் காலி வண்டிக்கும் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் காலி வண்டியின் எடை குறைவு. உந்துவிசை சீக்கிரம் தீர்ந்துவிடும். காலையில் சக்கரமும் கிரீஸும் குளிர்ந்திருக்கும்போது இது இன்னும் மோசம். "ஆள்தான் இல்லையே, ஒரு ரவுண்டு விட்டுப் பார்ப்போம்" என்பது காற்றடிக்கும் நாளில் தப்பான கணக்கு. காற்று வரம்பைத் தாண்டினால் காலி வண்டியும் போகக் கூடாது.

வண்டி நின்றால் செய்ய வேண்டியவை

முதலில் எதையும் தொடாதீர்கள். நேரத்தை லாக் புக்கில் எழுதுங்கள். பேனலில் வந்திருக்கும் செய்தியை வார்த்தை மாறாமல் எழுதுங்கள். "பிளாக் ஃபால்ட்" என்று பொதுவாக எழுதினால் பின்னால் வருபவருக்குப் பிரயோஜனம் இல்லை; எந்த பிளாக், எந்த சென்சார் என்று இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் மைக்கில் பயணிகளிடம் பேசிவிடுங்கள்: "ரைடு நின்னிருக்கு, எல்லாரும் சீட்லயே இருங்க, பாரைத் தள்ளாதீங்க, எங்க ஆளு மேல வர்றாரு." (பார் என்பது பயணியை சீட்டில் பிடித்து வைக்கும் கம்பி.) ஒன்றும் சொல்லாமல் விட்டால் யாராவது ஒருவர் தானாக இறங்கப் பார்ப்பார்.

சிவப்பு எமர்ஜென்சி பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அழுத்தினால் ஓடுகிற வண்டி அங்கேயே நின்றுவிடும் என்று புது ஆட்கள் நினைப்பார்கள். ஏற்றத்தில் இருந்து விழுந்துவிட்ட வண்டியை எந்தப் பட்டனும் நிறுத்தாது. அது அடுத்த பிரேக் வரை போய்த்தான் நிற்கும்.

அடுத்து எண்ணிக்கை. ஸ்டேஷன் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து, இன்று தடத்தில் இருக்கும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் நிறத்தையும் எழுதி வைத்திருக்க வேண்டும். வண்டி சேர்த்தாலும் எடுத்தாலும், சேர்த்தவரே அந்த நிமிடமே பலகையை மாற்றி, ஸ்டேஷன் ஆபரேட்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆல்டன் டவர்ஸ் ஐந்தாவது வண்டியின் பாடம் இதுதான். இப்போது ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: "ஒண்ணாம் நம்பர் ஸ்டேஷன்ல, பார்த்தாச்சு. ரெண்டு கடைசி பிரேக்ல, பார்த்தாச்சு. மூணு லிஃப்ட்ல. நாலு எங்க?" மொத்த எண்ணிக்கை சரியாக வந்தால் போதாது, ஒவ்வொரு வண்டியின் நம்பரும் அது நிற்கும் இடமும் சேர்ந்து பொருந்த வேண்டும். கேமராவை மட்டும் நம்பாதீர்கள். மரத்துக்கும் தூணுக்கும் பின்னால் இருக்கும் பள்ளங்கள் எந்த கேமராவிலும் முழுதாகத் தெரியாது. எந்த இடத்தில் நின்றால் எந்தப் பள்ளம் தெரியும் என்று சீசன் தொடங்கும் முன்பே குறித்து, தரையில் பெயிண்டால் வட்டம் போட்டு வைக்க வேண்டும். ஆள் அந்த வட்டத்துக்கு நடந்து போய், பார்த்துவிட்டு, வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும்.

ரைடு ஆபரேட்டர் ஒரு முறை, மெயின்டனன்ஸ் ஆள் தனியாக இன்னொரு முறை எண்ண வேண்டும். இரண்டு பேரும் ஒரே விடை சொன்ன பிறகுதான் சாவி. ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் தலையாட்டுவது எண்ணுவது ஆகாது.

பள்ளத்தில் நிஜமாகவே வண்டி நின்றிருந்தால் ரைடு அன்றைக்கு முடிந்தது. லிஃப்டில் இருப்பவர்களைப் பக்கத்துப் படிக்கட்டு வழியாக இறக்குங்கள். இறக்குவதற்கு முன் லிஃப்ட் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து, மேலே போகும் ஒவ்வொரு ஆளும் அந்த சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பாரை வரிசையாக, ஒரு வரிசை முடிந்தபின் அடுத்தது என்று திறங்கள். மொத்தமாகத் திறந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். யாருக்காவது காயம் என்றால் மேனேஜர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பேனலுக்கு அருகில் நிற்பவரே போன் போடலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் 108. 17 நிமிடம் என்பது ரத்தம் போகிறவருக்கு மிக நீண்ட நேரம்.

காலையில், கதவு திறக்கும் முன்

தடம் முழுவதும் நடக்க வேண்டும். போல்ட் இறுக்கிய பிறகு தலையிலிருந்து தகடு வரை ஒரு பெயிண்ட் கோடு போட்டிருப்பார்கள். கோடு முறிந்து தெரிந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மேலே ஓடும் சக்கரம், பக்கச் சக்கரம், தடத்துக்கு அடியில் பிடிக்கும் சக்கரம் என மூன்று வகை. அடிச் சக்கரம்தான் வண்டி மேலே கிளம்பாமல் பிடிப்பது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 2003 செப்டம்பர் 5 அன்று பிக் தண்டர் மவுன்டன் வண்டியில் பக்க, அடிச் சக்கரத் தொகுதி கழன்று விழுந்து ஒருவர் இறந்தார். பராமரிப்பின்போது போல்ட்டுகள் சரியாக இறுக்கப்படவில்லை, அவை கழலாமல் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பியும் போடப்படவில்லை. புது சத்தம் கேட்டால் "இந்த ரவுண்டு முடியட்டும்" என்று சொல்லாமல் அப்போதே வண்டியை எடுங்கள்.

தூண்களையும் பாருங்கள். 2023 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கரோவிண்ட்ஸ் பூங்காவில் ஃபியூரி 325 கோஸ்டரின் ஒரு தூணில் விரிசல் விழுந்து, வண்டி போகும்போது விலகி விலகிச் சேர்வதை வீடியோ எடுத்தவர் ஒரு பார்வையாளர். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரிகிற விரிசல் அது. யாராவது வந்து "அண்ணே, அங்க ஏதோ ஆடுது" என்றால் சிரித்து அனுப்பாமல் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பிறகு காலியாகச் சில ரவுண்டு. பெரிய பழுதுக்குப் பிறகு என்றால் சீட்டுகளில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை வைத்து ஓட்டுங்கள், ஆட்களை ஏற்றாதீர்கள். 2016 மே மாதம் சென்னை தாம்பரம் பக்கத்து கிஷ்கிந்தாவில் ஒரு ரைடின் சோதனை ஓட்டத்தில் ஊழியர்களே உட்கார்ந்திருந்தார்கள். அது சரிந்து ஒரு ஊழியர் உயிரிழந்தார்.

பாரைச் சரிபார்க்கும் கை

பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது சோதனை அல்ல. பாரைக் கீழே அழுத்திப் பார்த்து, பிறகு மேலே இழுத்துப் பார்க்க வேண்டும்; அசைவு எவ்வளவு, உடம்புக்கும் பாருக்கும் இடைவெளி எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டும். வண்டியின் இரண்டு பக்கமும் இரண்டு ஆள்.

2022 மார்ச் 24 அன்று ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் 430 அடி உயர விழு-கோபுரத்தில் 14 வயதுப் பையன் இருக்கையிலிருந்து நழுவி இறந்தான். அவனுடைய சீட்டின் சென்சார் கையால் மாற்றி அமைக்கப்பட்டிருந்தது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி இருந்தும் விளக்கு எரிந்தது. கையேட்டில் எடை வரம்பு 130 கிலோ, பையனின் எடை அதைவிட மிக அதிகம். விளக்கு பொய் சொன்னது, கண் பார்த்திருந்தால் சொல்லியிருக்கும்.

பார் கடைசி நேரத்தில் நெருக்கி அழுத்தினால்தான் பூட்டுகிறது என்றால் அந்த ஆளை அனுப்பக் கூடாது. வரிசை தொடங்கும் இடத்திலேயே ஒரு மாதிரி சீட் வைத்தால் இந்தச் சங்கடம் தவிரும். ஸ்டேஷனில் சொல்ல வேண்டி வந்தால் குரலைத் தாழ்த்தி, "சார், இந்த சீட் உங்களுக்குப் பூட்டல. பாதுகாப்புக்குத்தான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க." உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

அவசரப்படுத்துபவர் எப்போதும் ஒருவர் இருப்பார். 24 பேர் வண்டி 60 நொடிக்கு ஒன்று போனால் மணிக்கு 1,440 பேர். 90 நொடி ஆனால் 960. அந்த 480 பேரைத்தான் மேனேஜர் கேட்பார். வேகம் வேண்டுமென்றால் சோதனையில் நேரத்தைக் குறைக்காமல், பை வைக்கும் இடத்தையும் வரிசை பிரிப்பதையும் சரிசெய்து எடுங்கள். இன்னொரு ஆளைக் கேளுங்கள்.

வேலிக்குள் விழுந்த பொருள்

காலைத் தொங்கவிட்டுப் போகும் வகை கோஸ்டரில் பயணிகளின் கால் தரைக்கு மிக அருகே வரும் இடங்கள் உண்டு. 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓஹையோவில் உள்ள சீடர் பாயிண்ட் பூங்காவில் ராப்டர் கோஸ்டரின் வேலிக்குள் போனைத் தேடிப் போன ஒருவர் வண்டி மோதி இறந்தார். 2008 ஜூனில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் இரண்டு வேலிகளைத் தாண்டிய இளைஞருக்கும் அதே கதிதான்.

வேலிக்குள் ஆளைக் கண்டால் உடனே நிறுத்துங்கள், விசாரணை அப்புறம். விழுந்த போனை ரைடு மூடிய பிறகு, கதவுச் சாவியை எடுத்தால் ரைடு ஸ்டார்ட்டே ஆகாத இன்டர்லாக் இருக்கும் கதவு வழியாக மட்டும் போய் எடுக்க வேண்டும். ரசீதில் பொருளின் விவரத்தையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொடுத்து, "சாயங்காலம் ஏழு மணிக்கு கேட்ல வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலானோர் வேலி ஏற மாட்டார்கள்.