பழைய சின்னக் கார் பார்க்கப் போகிறீர்களா? ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்

ஆல்டோவோ வேகன் ஆரோ டியாகோவோ, காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடி ஓரத்திலும் சக்கரத்தின் மேல் வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் கப்பென்று பிடித்து, பக்கத்திலேயே நழுவினால், நழுவிய இடத்தில் பள்ளத்தையோ துருவையோ மறைக்க பட்டி (நிரப்பும் பூச்சு) பூசி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்டுக்கு அடியில் இருப்பது இரும்புத் தகடு, காந்தம் பிடிப்பது அதைத்தான். கம்பெனி பெயிண்ட் மிக மெல்லியது, காந்தத்துக்கு அது தடையில்லை. பட்டி தடிமனானதால் இழுப்பு குறைந்துவிடும். வலுவான காந்தம் வேண்டாம், அது பட்டியைத் தாண்டியும் பிடித்துவிடும்.

குமரி மாவட்டக் கடலோரத்தில், குளச்சல், முட்டம் பக்கம் நின்ற வண்டியில் இதை அவசியம் செய்யுங்கள். உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது தண்ணீர் தங்கும் அடிப்பகுதிகளில்தான். டிஎன் 74, 75 என்ற குமரி மாவட்டப் பதிவு எண்ணை வைத்து வண்டி கடலோரத்தில் கிடந்ததா, மலையோரத்தில் கிடந்ததா என்று சொல்ல முடியாது. மேலே பளபளப்பைப் பார்த்து விலை பேசுகிறவர்கள்தான் அதிகம்!

பம்பரில் இது பலிக்காது, அது பிளாஸ்டிக். பட்டி இல்லாமல் வெறுமனே மறுபெயிண்ட் அடித்திருந்தாலும் காந்தம் காட்டாது. அதற்கு வெயிலில் நிறுத்தி நிற வித்தியாசம் பார்க்க வேண்டும். எஞ்சினுக்கு மெக்கானிக்தான்.