ஹ்வாராங் பேட்டர்னில் டர்னிங் கிக்: அந்த 45 டிகிரியைப் பிடிப்பது எப்படி?

ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) முறையின் ஹ்வாராங் பேட்டர்னில், அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடரில், மொத்தம் 29 அசைவுகள். அதில் 18-ம், 19-ம் உயர டர்னிங் கிக், அதாவது இடுப்பைத் திருப்பிக் காலை வளைத்து வீசும் உதை, கொரிய மொழியில் தோல்யோ சாகி. பலர் இரண்டையும் நேர் முன்னே உதைத்துவிடுகிறார்கள். ஸ்பாரிங் (எதிராளியோடு மோதிப் பழகுவது) பழக்கம்தான் காரணம். இங்கே வலது கால் வலப்பக்கம் 45 டிகிரிக்கும், இடது கால் இடப்பக்கம் 45 டிகிரிக்கும் போக வேண்டும்.

முதலில் தரையில் கோடு போடுங்கள். சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் 45 டிகிரி கிடைத்துவிடும். அதை வைத்து நேர்கோட்டின் இருபுறமும் சாய்கோடு இழுத்தால் போதும்.

18-க்கு முன் நிற்பது வலது எல் ஸ்டான்ஸ், பாதங்கள் 'L' வடிவில் இருக்கும் நிலை. இடது கால் முன்னால். எடையில் 70 சதவீதம் பின்னாலுள்ள வலது காலில். அதனால் உதைக்கும் பின்காலைத் தூக்கும் முன் எடையை இடது காலுக்கு மாற்ற வேண்டும். வேகத்துக்காக உடம்பை வீசினால் தடுமாறுவீர்கள். இப்படிச் செய்யுங்கள்:

1. வலது முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் உயர்த்துங்கள். குதிகால் பிட்டத்தை ஒட்டி வரட்டும்.
2. இடது குதிகாலைத் தரையிலிருந்து சற்றே விடுவித்து, நுனிப்பாதத்தில் திரும்புங்கள். குதிகாலை அழுத்தி வைத்துக்கொண்டு திருகினால் சுமை முழுக்க முழங்கால் மூட்டில் விழும்.
3. இடுப்பைத் திருப்பிக்கொண்டே காலை வில்போல வளைத்து வீசுங்கள்.
4. விரல்களை மேல்நோக்கி இழுத்து, அவற்றுக்குக் கீழுள்ள சதைமேட்டால் அடியுங்கள். புறங்காலால் அடிப்பது ஸ்பாரிங் வழக்கம். இங்கே அது முதல் ஆயுதமல்ல.
5. மடக்கி எடுத்த பிறகே காலைக் கீழே வையுங்கள்.

உயரம் என்றால் உங்கள் சொந்தக் கண் மட்டம். அங்கே எட்டாதவர்கள் உடம்பைச் சாய்த்து எட்டப் பார்ப்பார்கள், கோணம் கெட்டுவிடும். நெஞ்சு உயரத்தில் சரியான கோணத்தில் பழகி, பிறகு மெல்ல ஏற்றுவதே நல்லது.

வலது காலை இறக்கும் இடம்தான் இரண்டாவது உதையைத் தீர்மானிக்கிறது. சாய்கோட்டிலேயே விழவிடாமல் நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். விரல்கள் சற்று வலப்பக்கம் திறந்திருக்கட்டும். நேராக வைத்தால் இடது கால் உதைக்கும்போது இடுப்பு பூட்டிக்கொள்ளும், உதை முன்பக்கம் இழுபடும். இதுவும் முதலாவதைப் போலப் பின்னங்காலிலிருந்து வருவதால் வலுவாக வரும். அதனாலேயே குறியைத் தாண்டி ஓடவும் செய்யும். உதைத்த காலை முன்னே இறக்கி, வலது எல் ஸ்டான்ஸில் கத்திக்கை கார்டிங் பிளாக்குடன் (விரித்த கைகளின் விளிம்பால் உடம்பைக் காக்கும் தடுப்பு) நில்லுங்கள்.

இரண்டும் வேகமாக அடுத்தடுத்து வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு உதைக்கும் தனி மூச்சு. அவசரத்தில் முதல் உதையை மடக்காமல் விடுவதுதான் அடிக்கடி பார்க்கிற பிழை. சுவரில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலுக்குப் பத்து முறை மெதுவாகச் செய்து பாருங்கள். உதையின் உச்சியில் ஒரு நொடி நிறுத்தினால் பாதம் எந்தக் கோட்டின் மேல் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.