ராக் இசைக்குழு தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி அறைகளில் புதிய ஆல்டர்நேட்டிவ் ராக் குழுக்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த வயதில் நாங்கள் வாசித்ததைவிட நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் எங்கள் காலத்துக் குழுக்கள் விழுந்த அதே பள்ளத்தை நோக்கித்தான் நடக்கிறார்கள். சுருதி சேர்க்காமல் மேடையேறுவது, ஒத்திகைக்குத் தாமதமாக வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒருமுறை பட்டால் தானாகப் புரிந்துவிடும்.

சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது

டிரம்ஸில் சத்தத்தைக் குறைக்கத் திருகு கிடையாது. அதனால் சிறிய அறையில் முதலில் டிரம்ஸ், அதற்கு மேல் கேட்கும்படி பாடுபவரின் குரல், அந்தக் குரலை மறைக்காத அளவுக்குக் கிடார்கள் என்று வரிசையாக அமைக்க வேண்டும். பெரும்பாலானோர் கிடாரிலிருந்து தொடங்குகிறார்கள். பாடுபவர் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார். வரிகள் யார் காதிலும் விழாததால் சப்பையான வரிகூடத் திருத்தப்படாமல் ஒலிப்பதிவு வரை வந்துவிடுகிறது.

நீளமான பாடல் பட்டியல்

கல்லூரி விழாவில் அரை மணி நேரம் கிடைத்தால், நன்றாகப் பழகிய ஐந்து சொந்தப் பாட்டு போதும்.

பாட்டு யாருடையது என்று எழுதி வைக்காதது

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு இன்னும் கோபம் வருகிறது. எனக்கு நெருக்கமான நண்பர்களின் குழு ஒன்று. அவர்களுடைய தமிழ்ப் பாட்டு ஒன்று மெல்ல மெல்லக் காதுக்குக் காது பரவி, ஒரு படத்துக்குக் கேட்கும் அளவுக்கு வந்தது. உரிமையுள்ள எல்லோரும் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும் என்றது தயாரிப்புத் தரப்பு. நியாயமான கேள்விதான். பாட்டின் தொடக்கத்தில் வரும் கிடார் இசையை உருவாக்கியவர் அதற்குள் மனக்கசப்போடு விலகியிருந்தார். தனக்குப் பாதி என்றார். ஸ்டுடியோ செலவு தன்னுடையது, பதிவும் தன்னுடையது என்றார் டிரம்ஸ் வாசித்தவர். பாட்டை இணையத்தில் ஏற்றிய கணக்கோ, விலகியவரின் மின்னஞ்சலில் இருந்தது. இவர்கள் பேசி முடிப்பதற்குள் படக்குழு வேறு பாட்டைத் தேடிக்கொண்டது. அத்தனை பேரும் நல்லவர்கள். ஒரு காகிதம் இல்லாததால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போனார்கள்.

ஒரு பாட்டில் இரண்டு வகைச் சொத்து இருக்கிறது. வரிகளும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கு எழுதியவரும் மெட்டுக்கு இசையமைத்தவரும் ஆசிரியர்கள். ஒலிப்பதிவுக்கோ அதை முன்னெடுத்துப் பொறுப்பேற்ற தயாரிப்பாளர்தான் ஆசிரியர். நால்வர் காசு போட்டு, ரசீது ஒருவர் பெயரில் இருந்தால் சண்டைக்கு வேறு விதை வேண்டியதில்லை. உரிமையை மாற்றித் தருவதும் வாய்மொழியில் செல்லாது. எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

புகழ்பெற்றவர்களும் இதில் தப்பவில்லை. மான்செஸ்டரில் 1982-இல் தொடங்கிய தி ஸ்மித்ஸ் குழு 1987-இல் உடைந்தது. பாடல்களை எழுதிய மாரிஸ்ஸியும் ஜானி மாரும் பதிவு, நிகழ்ச்சி வருவாயில் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் ஆளுக்கு 10 சதவீதம் கொடுத்திருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸ் வழக்குப் போட்டார். 1996-இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்குக் கால் பங்கு உண்டு என்றது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் கூட்டாளிகளுக்குச் சம பங்கு என்பதே அங்குள்ள சட்டம். நம் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்திலும் லாபத்துக்கு அதே விதிதான். பங்கு வேறாக இருக்க வேண்டுமென்றால் அதைப் பேசி எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவின் ஆர்.ஈ.எம். குழுவோ, யார் தொடங்கிய மெட்டாக இருந்தாலும் பாடல்களை நால்வர் பெயரிலும் போட்டது. எனக்குப் பிடித்த வழி அதுதான். உங்களுக்கு ஒத்துவராவிட்டால் வேறு கணக்குப் போடுங்கள், ஆனால் போடுங்கள்.

பாட்டு உருவான அன்றே ஒரு வெள்ளைத் தாளில் பாட்டின் பெயர், தேதி, வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை சதவீதம், பதிவுச் செலவு யாருடையது என்று எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இணையக் கணக்கைக் குழுவின் பொது மின்னஞ்சலில் திறங்கள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், பாட்டுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் தனித்தனியாக உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்யலாம். அங்கும் பங்குச் சதவீதத்தைக் கேட்பார்கள். "நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு?" என்று ஒருவர் கேட்பார். நண்பர்களாக இருக்கும்போதுதான் எழுத முடியும்.

பெயர்

வர்த்தக முத்திரைப் பதிவேட்டில் பொழுதுபோக்குச் சேவைகள் அடங்கும் 41-ஆம் வகுப்பைத் தேடிப் பார்த்துவிட்டு வையுங்கள். ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.