இயங்குதளத்துக்கு முன் மென்பொருள்களை மாற்றுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு போன்ற நிபந்தனைகளை நிறைவு செய்யாத கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதுமில்லை. இதனால், பல வகைகளில் கிடைக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாற எண்ணுவோர் எந்த லினக்ஸ் சிறந்தது என்றே முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன், தாம் எந்தெந்த மென்பொருள்களை நம்பியிருக்கிறோம் என்று பார்ப்பதே முறை.

அவற்றைப் பட்டியலிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் வரிக் கணக்கு மென்பொருளும் ஸ்கேனருக்கான நிரலும்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டா, இல்லையெனில் உலாவியிலேயே பயன்படுத்த இயலுமா என்று அதன் தயாரிப்பாளரின் தளத்திலேயே சரிபாருங்கள். ஃபோட்டோஷாப்புக்கும், மேசைக்கணினிக்கான மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. 1993 முதல் உருவாக்கப்பட்டுவரும் வைன் என்ற மென்பொருள், விண்டோஸ் நிரல்கள் பலவற்றை லினக்ஸில் இயக்கும் என்றாலும், பிழைப்புக்கான மென்பொருளை அதை மட்டுமே நம்பி விடுவது சரியல்ல. ஆப்பிளின் மேக் கணினிக்கு மாறினால் ஃபோட்டோஷாப்பும் ஆஃபிஸும் கிடைக்கும். ஆனால் 2019-இல் வந்த மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பு முதல் பழைய 32-பிட் நிரல்கள் அங்கே இயங்குவதில்லை.

அடுத்ததாக, இயங்குதளத்தைத் தொடாமல், மாற்று மென்பொருள்களை இப்போதுள்ள விண்டோஸிலேயே நிறுவிச் சில வாரங்கள் பழகுங்கள். லிப்ரெஆஃபிஸ் (ஆவணங்கள்), கிம்ப் (படத்திருத்தம்), இங்க்ஸ்கேப் (வரைகலை), தண்டர்பேர்ட் (மின்னஞ்சல்) ஆகியவை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவதால், பிடிக்காவிட்டால் இழப்பு எதுவுமில்லை. உங்களிடம் உள்ளவற்றிலேயே மிகச் சிக்கலான வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறந்து பாருங்கள்; எளிய கடிதம் எதிலும் ஒழுங்காகத்தான் தெரியும், மேக்ரோக்களும் (வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்புகள்) பக்க அமைப்பும்தான் குலையும்.

இந்தச் சோதனை தேறினால், விண்டோஸ் பழக்கத்துக்கு நெருக்கமான சினமன் என்ற திரை முகப்பு கொண்ட லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை யுஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமலேயே இயக்கி, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தாய்மொழித் தட்டச்சு ஆகியவற்றைச் சோதியுங்கள். யுஎஸ்பியிலிருந்து இயங்கும்போது வேகம் குறைவாகவே இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மென்பொருள்களை இணையத்தில் தேடி இறக்காமல், அதிலுள்ள மென்பொருள் மேலாளர் வழியாகவே நிறுவப் பழகுங்கள்.

லினக்ஸை நிறுவ வட்டைப் பிரிப்பதற்கு முன் கோப்புகளை நகலெடுத்து, விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டையும் வேறோர் இடத்தில் குறித்துவையுங்கள். எப்போதாவது தேவைப்படும் ஒரே ஒரு நிரல்தான் தடை என்றால், அதை மெய்நிகர் கணினியில் (லினக்ஸுக்குள்ளேயே மென்பொருளாக இயங்கும் கணினி) உள்ள விண்டோஸில் இயக்கலாம். நாள் முழுவதும் அதிலேதான் வேலை என்றால் விண்டோஸிலேயே இருந்துவிடுவது நல்லது.