முட்டை குறைந்தால் கோழிக்கு வயதாகிவிட்டதா? படிப்படியாகக் கண்டறியும் முறை

கொல்லையில் வளரும் கோழிகளின் முட்டை எண்ணிக்கை குறைந்தவுடன் மூத்த கோழியின் மீதே பழி விழுகிறது. வயதும் ஒரு காரணம்தான் என்றாலும், மற்றவற்றை விலக்கிய பிறகே அதைச் சந்தேகிக்க வேண்டும்.

படி 1: வயதை அறிதல்

முட்டையினக் கோழிகள் ஏறத்தாழ 18 முதல் 22 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். பருத்த உடலுள்ள இனங்கள் சற்றுத் தாமதிக்கும். முதல் ஆண்டில் முட்டை மிகுதியாகக் கிடைக்கும். பிறகு ஆண்டுதோறும் எண்ணிக்கை குறைய, முட்டை பெரிதாகி ஓடு மெலியும். பொரித்த ஆண்டுக்கு ஒரு நிறமாகக் காலில் வளையம் மாட்டிவிட்டால் பின்னாளில் ஊகிக்க வேண்டியிருக்காது.

படி 2: பிற காரணங்களை விலக்குதல்

முட்டையிடுவதற்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் உகந்தது என்பதால், பகல் சுருங்கும் பருவத்தில் இளங்கோழியும் முட்டையைக் குறைக்கும். இறகு உதிர்க்கும் காலத்தில், உண்ணும் புரதம் புதிய இறகுகளுக்கே செலவாவதால், இரண்டு மூன்று மாதங்கள் வரை முட்டை நின்றுபோகலாம். அடைக்கோழியும் முட்டையிடாது. புதர் மறைவுகளையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். கோழி முட்டையிடும் இடத்தை மாற்றியிருக்கக்கூடும்.

படி 3: கையால் சோதித்தல்

இதுவே நம்பத்தக்க வழி. இரவில், கோழிகள் அடைந்த பிறகு, ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் அவை திமிறுவதில்லை. முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து, பளபளப்பாக இருக்கும். எச்சத்துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். நிறுத்திய கோழிக்கு அது சுருங்கி, வறண்டு காணப்படும். அதன் இருபுறமும் தட்டுப்படும் கூரிய இடுப்பெலும்பு முனைகளுக்கு இடையில் இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழைந்தால் கோழி முட்டையிடுகிறது என்றும், ஒரு விரலே நுழைந்தால் நிறுத்திவிட்டது என்றும் கொள்ளலாம். மஞ்சள் கால் உள்ள இனங்களில் இன்னொரு சான்றும் உண்டு: தொடர்ந்து முட்டையிடும்போது அலகும் கால்களும் வெளுத்து, நிறுத்திய பின் மீண்டும் மஞ்சளாகும். எனவே பளிச்சென்ற மஞ்சள் கால்களைக் கண்டு அதை நல்ல முட்டைக்கோழி என எண்ணிவிடக் கூடாது. கொண்டையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் சரியன்று.

படி 4: உறுதிசெய்தல்

ஐயத்துக்குரிய கோழியை ஒரு வாரம் தனிக் கூண்டில் வையுங்கள். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகுமாதலால், இடையில் ஒரு நாள் தவறுவது இயல்பே. இடமாற்றத்தின் அதிர்ச்சியாலும் முதல் சில நாட்கள் முட்டை வராமல் போகலாம்.

படி 5: தீவனத்தை மாற்றுதல்

முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. முட்டையிடாத கோழிக்கு அது நாளடைவில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆகவே அனைத்துக்கும் பொதுத் தீவனம் அளித்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும். மூத்தவை அடையும் கட்டையைத் தாழ்வாக அமையுங்கள். வயிறு நீர்கோத்ததுபோல் வீங்கினால் அதை முதுமை என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 6: முடிவெடுத்தல்

முட்டையை நிறுத்திய கோழியை வைத்திருப்பதா, கறிக்கு அனுப்புவதா என்பது அவரவர் தீவனச் செலவையும் மனத்தையும் பொறுத்தது. எப்படியாயினும், இளங்குஞ்சுகள் முட்டையிட நான்கைந்து மாதங்களாவது ஆகும் என்பதால், மூத்தவை இரண்டாம் ஆண்டில் முட்டையிட்டுக் கொண்டிருக்கும்போதே அடுத்த தொகுதியைத் தொடங்கிவிடுங்கள்; உடலளவில் நிகராகும் வரை இரண்டையும் கலக்க வேண்டாம்.