மறுபடி ரெக்கார்டுக்கு வருகிறீர்களா? முள்ளை முதலில் பாருங்கள்

பல வருஷம் லேப்டாப்பும் கன்ட்ரோலருமாகக் கல்யாண வீடுகளில் பாட்டுப் போட்டுவிட்டு, போன வருஷம் மறுபடி டர்ன்டேபிளை எடுத்தேன், கூடவே டைம்கோடு ரெக்கார்டும். அந்த ரெக்கார்டில் பாட்டு கிடையாது, ஒரு சீரான ஒலி மட்டும்தான். முள் அதைப் படித்துச் சொல்ல, லேப்டாப்பில் இருக்கும் பாட்டு நம் கை போகிற போக்கில் ஓடும்.

பாட்டுதான் லேப்டாப்பில் இருக்கிறதே, முள் எப்படி இருந்தால் என்ன என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கானாடுகாத்தானில் ஒரு வளவில், அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீட்டில், செட் போட்டபோது, திரையில் வட்டமாகத் தெரிய வேண்டிய சிக்னல் கோழிமுட்டை மாதிரி நசுங்கி நடுங்கிக்கொண்டே இருந்தது, பாட்டும் கூடவே இழுத்தது. ஒரு மணி நேரம் லேப்டாப்பையே நோண்டினேன். கடைசியில் பார்த்தால் டர்ன்டேபிளின் எர்த் ஒயரை மிக்சரில் மாட்டவே இல்லை, முள்ளும் தேய்ந்திருந்தது. முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதில் கரண்ட் இரைச்சல் கலந்தால் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? முள் ரெக்கார்டை அழுத்தும் எடையும் அப்படித்தான். முள் துள்ளுகிறது என்று மேலே காசு ஒட்டுகிற பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். டிஜே முள் பலவற்றுக்கு 3 கிராம் பக்கம் போதும், கம்பெனி சொன்ன அளவை ஒரு சின்ன டிஜிட்டல் தராசில் பார்த்து வையுங்கள்.

அப்புறம் இடம். வளவில் கல்தூணும் ஆத்தங்குடித் தரையுமாக இருப்பதால் சத்தம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். பலகை மேடையில் பேஸ் ஸ்பீக்கர் பக்கத்திலேயே டர்ன்டேபிளை வைத்தால் அந்த அதிர்வு முள்ளில் ஏறி ஊளையிடும். மைக்செட் அண்ணனிடம் சொல்லி ஸ்பீக்கரைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், கனமான மேசையாகக் கேளுங்கள். கூட்டம் ஆடுகிற இடத்தில், முள் ரெக்கார்டில் இருக்கும் இடத்தையே பாட்டின் இடமாக எடுக்கும் அப்சல்யூட் மோடு வேண்டாம், முள் துள்ளினால் பாட்டும் அங்கே தாவிவிடும். வேகத்தையும் திசையையும் மட்டும் பார்க்கும் ரிலேட்டிவ் மோடில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு பாட்டின் தாளத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனை எல்லாப் பாட்டுக்கும் நம்புவது இன்னொரு தவறு. எழுபதுகளின் சினிமாப் பாட்டில் தபலாவும் வயலின்களும் ஆட்கள் உட்கார்ந்து வாசித்தவை, பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் லேசாக ஏறியிருக்கும். சாஃப்ட்வேர் முதலில் போடும் சமமான தாளக் கட்டத்துக்குள் அது அடங்காது. பாதிப் பாட்டில் தாளம் பிசகி, ஆடுகிறவர்கள் கால் தடுமாறுவதைப் பார்ப்பது கொடுமை. பழைய பாட்டுக்குக் கையும் காதும்தான் சரி, சிங்க் புதுப் பாட்டுக்கு இருக்கட்டும்.

காரைக்குடி பழம்பொருள் கடைகளில் 78 வேக அரக்குத் தட்டுகள் கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரே சினிமாவுக்கு முன் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர்தானே. ஆனால் அந்தப் பள்ளம் அகலமானது, நம் எல்பி முள் அதன் அடியில் போய் உரசும், அதற்கென்று தனி முள் வேண்டும். டிஜேக்கள் வைத்திருக்கும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் 33, 45 வேகம் மட்டும்தான், 78 கிடையாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கே கரையும். 78 சரியாக ஓடும் மெஷினில் ஒருமுறை ஓடவிட்டு 24 பிட் வேவ் கோப்பாக எடுத்துக்கொண்டு தட்டைப் பத்திரமாக உள்ளே வைத்துவிடுங்கள்.

பாட்டு உள்ள நிஜ ரெக்கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வராதீர்கள். ஒன்றாவது மேசைக்குக் கீழே இருக்கட்டும். பந்தி நடுவே லேப்டாப் உறைந்துபோனால் அதை எடுத்துப் போட்டு, மிக்சரில் சுவிட்சை, முள்ளின் ஒலியையே நேராக எடுக்கும் போனோவுக்குத் தட்டினால் போதும், பாட்டு ஓடுகிற நேரத்தில் லேப்டாப்பை மறுபடி ஆன் செய்துகொள்ளலாம்.