லோன் போட்டு வீடு வாங்குபவர்களுக்கு

சென்னையில் பழைய ஃபிளாட் விற்பவர்கள் பலரும் முதலில் கேட்பது, "ரெடி கேஷா, லோனா?" லோன் என்றால் வங்கி பத்திரங்களைச் சரிபார்க்கும் லீகல், வீட்டு மதிப்பீடு என்று வாரக்கணக்கில் இழுக்குமே என்ற பயம்தான். அதனால் வீடு தேடும் முன்பே வங்கியில் சம்பளச் சீட்டு, ஐ.டி. ரிட்டர்ன் கொடுத்து எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கடிதம் வாங்கி வையுங்கள். பேரத்துக்கு அது பெரிய பலம்.

முக்கியமாக, விற்பனை ஒப்பந்தத்தில் "பத்திரத்தில் வில்லங்கம் என்று வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். கடன் 30 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான். 75 லட்சத்துக்கு மேல் இன்னும் குறையும். பத்திரச் செலவும் கைக்காசுதான்.

அப்புறம், ரெடி கேஷ் என்றாலும் நோட்டாகக் கொடுக்க முடியாது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே விற்பவருக்கு வருமான வரி அபராதம் வரலாம்.